7.5 எச்.பி. என்று எல்லாப் பெட்டியிலும்தான் எழுதியிருக்கிறது, எதை வாங்குவது?

கேட்டவரின் நிலைமை இது: 400 அடி போர், 7.5 எச்.பி. மூன்று ஃபேஸ் சப்மெர்சிபிள் மோட்டார். நேம் பிளேட்டில் 13 ஆம்பியர். ஒன்றரை வருடத்தில் இரண்டு ஸ்டார்டர் எரிந்துவிட்டது, ஒரு முறை மோட்டாரும் போய் வைண்டிங் கட்டியாயிற்று. கடையில் ஒருவர் ஸ்டார்-டெல்டா போடச் சொல்கிறார், இன்னொருவர் சாஃப்ட் ஸ்டார்டர், மூன்றாமவர் வி.எஃப்.டி. எல்லாவற்றிலும் 7.5 எச்.பி. என்றே போட்டிருக்கிறது, விலை மட்டும் எங்கேயோ போகிறது. என்ன வித்தியாசம், எதை நம்புவது?

முதலில் ஒன்று. பெட்டி மேல் எழுதியிருக்கும் எச்.பி.யை மறந்துவிடுங்கள். அது கடையில் எடுத்துக் கொடுப்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எந்தக் கருவியானாலும் அதன் தகுதியைச் சொல்வது ஆம்பியர். எத்தனை ஆம்பியர், எந்த மாதிரி வேலைக்கு, எத்தனை நொடிக்கு, எவ்வளவு சூட்டில் என்று நான்கும் சேர்ந்தால்தான் அது முழுமையான கணக்கு. நான் பம்ப்செட்டுக்குப் பேனல் கட்டுகிற வேலையில் இருக்கிறேன். எரிந்துபோய் வருகிற ஸ்டார்டர்களில் பாதிக்கு மேல் சரக்கு மோசம் என்று சொல்ல முடியாது. அந்த இடத்துக்குப் பொருந்தாத சரக்கு, அதுதான் விஷயம்.

உங்கள் மோட்டார் ஓடும்போது 13 ஆம்பியர் எடுக்கும். நின்ற நிலையிலிருந்து நேராக 415 வோல்ட்டைக் கொடுத்தால் அந்த முதல் நொடியில் ஆறு, ஏழு மடங்கு இழுக்கும். அதாவது 80, 90 ஆம்பியர். டி.ஓ.எல். (டைரக்ட் ஆன் லைன்) ஸ்டார்டர் செய்வது இதைத்தான்: பச்சை பட்டனை அழுத்தினால் 'காயில்' என்ற மின்காந்தச் சுருள் இழுக்கும், காண்டாக்டர் என்ற சுவிட்ச் மூடும், முழு வோல்டேஜும் மோட்டாருக்குப் போகும். உள்ளே காண்டாக்டர் ஒன்று, கரண்ட் அளவு மீறினால் நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ஒன்று, பட்டன் இரண்டு. எளிமையான சாதனம். சரியாகத் தேர்ந்தெடுத்தால் பல வருடம் தொந்தரவில்லாமல் உழைக்கும்.

அந்தக் காண்டாக்டரில்தான் உங்கள் கதை இருக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் அனுப்பிய படத்தில் காண்டாக்டரின் முகத்தில் பெரிதாக 25 ஆம்பியர் என்று இருக்கிறது. 13-க்கு 25 இருக்கிறதே, கிட்டத்தட்ட இரண்டு மடங்காயிற்றே என்று யாருக்கும் தோன்றும். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஒரு அட்டவணை அச்சிட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஏசி-1 என்று ஒரு வரி, ஏசி-3 என்று ஒரு வரி. ஏசி-1 என்பது ஹீட்டர் போன்ற சுமைக்கு. அங்கே தொடக்க இழுப்பு கிடையாது. ஏசி-3 என்பது நம் மோட்டார் வகைக்கு: ஆறு மடங்கு கரண்டோடு மூட வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும்போது திறக்க வேண்டும். ஒரே காண்டாக்டருக்கு ஏசி-1-ல் 25 ஆம்பியர், ஏசி-3-ல் 9 ஆம்பியர் என்று இருப்பது சாதாரணம். அந்த 9 ஆம்பியர் 5 எச்.பி. மோட்டாருக்குத்தான் சரிவரும். உங்கள் 13-க்கு ஏசி-3-ல் குறைந்தது 18 போட்டிருக்க வேண்டும். ஏசி-4 என்று இன்னொரு வகையும் உண்டு. கிரேன், ஹாய்ஸ்ட் போல விட்டு விட்டுத் தட்டும் இடத்துக்கு. அங்கே ஆறு மடங்கு கரண்டிலேயே திறக்கவும் வேண்டியிருக்கும் என்பதால் அதே காண்டாக்டரின் எண் இன்னும் கீழே இறங்கிவிடும். இது இந்தியத் தரநிலையிலும் உலகத் தரநிலையிலும் ஒன்றுதான், 60947 வரிசை.

சின்னக் காண்டாக்டர் போட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தோட்டத்தில் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். சிவப்பு பட்டனை அழுத்தினார்கள், மோட்டார் நிற்கவில்லை. மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு, ஃபியூஸ் கேரியரை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு மூடியைத் திறந்தால், காயில் விட்டிருக்கிறது, ஆனால் மூன்று ஜோடி முனையில் இரண்டு ஜோடி பிரியாமல் பற்றிக்கொண்டு நிற்கிறது. வெள்ளிப் பொட்டு உருகி, மெழுகு வடிந்து உறைந்த மாதிரி. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித்தான் பிரித்தேன். இந்த நிலையில் மோட்டார் இரண்டு ஃபேஸில் தவிக்கும். ஓவர்லோடு ரிலே தன் கடமையைச் செய்து ட்ரிப் ஆகும். ஆனால் ரிலே செய்யக்கூடியது காயிலுக்குப் போகும் கரண்டை அறுப்பது மட்டுமே. காயில் விட்டாலும் முனை பிரியாதபோது ரிலே என்ன செய்யும்? உங்கள் மோட்டார் எரிந்ததும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. எரிந்த ஸ்டார்டரைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் முனைகளைப் பாருங்கள், தெரிந்துவிடும்.

முனை பற்றிக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு, அது லைன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பத்தில் உங்கள் தோட்டம் என்கிறீர்கள். ஒரு கம்பிக்கு அரை ஓம் எதிர்ப்பு என்று வைத்துக்கொண்டாலும், 80 ஆம்பியர் இழுக்கும் அந்த நொடியில் தோராயமாக 60 வோல்ட் லைனிலேயே போய்விடும். மாலை நேரத்தில் 370 வோல்ட் வந்துகொண்டிருந்தால் அது 310-க்கு விழும். 415 வோல்ட் காயிலுக்கு 310 என்பது முக்கால் பங்கு. பொதுவாக 85 சதவீதத்துக்குக் கீழே காயில் இழுக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. முக்கால் பங்கில் பிடித்ததையும் விட்டுவிடலாம். விட்டதும் மோட்டாருக்குக் கரண்ட் இல்லை, வோல்டேஜ் ஏறுகிறது. பச்சை பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் இருந்தால் மறுபடி இழுக்கும், மறுபடி விழும். அந்தக் கடகட சத்தம் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு கடகடவும் 80 ஆம்பியரை முனையில் வைத்துத் தீப்பொறியாக்குவது. அதனால்தான் விவசாய ஸ்டார்டர்களில் குறைந்த வோல்டேஜிலும் பிடிக்கும் அகல எல்லைக் காயில் போட்டு விற்கிறார்கள். வாங்கும்போது காயிலின் வோல்டேஜ் எல்லை எவ்வளவு என்று கட்டாயம் கேளுங்கள். அதுவும் ரேட்டிங்கில் ஒரு பகுதி.

அப்புறம் ரிலே. அதில் ஒரு சின்ன டயல் இருக்கும். மோட்டார் அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று அதைக் கடைசி வரை திருகி வைப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். டி.ஓ.எல்.-ல் நேம் பிளேட் ஆம்பியர் என்னவோ அதுவே டயலில் இருக்க வேண்டும், உங்களுக்கு 13. ரிலேயில் கிளாஸ் 10, கிளாஸ் 20 என்று ஓர் எண்ணும் இருக்கும். வைத்த அளவைப் போல 7.2 மடங்கு கரண்ட் ஓடினால் எத்தனை நொடிக்குள் ட்ரிப் ஆகும் என்பதுதான் அது: கிளாஸ் 10 என்றால் 10 நொடிக்குள், கிளாஸ் 20 என்றால் 20 நொடிக்குள். பெரிய மின்விசிறி, கல் உடைக்கும் இயந்திரம் போல மெதுவாக வேகம் பிடிப்பவற்றுக்கு 20-ம் 30-ம் வேண்டும். சப்மெர்சிபிள் ஒல்லியான உடம்பு, சுற்றி ஓடும் தண்ணீரை நம்பிக் குளிர்வது; சுற்றாமல் இறுகி நின்றால் நொடிகளில் வெந்துவிடும். அதற்குக் கிளாஸ் 10-தான்.

ரிலே காப்பாற்றாத இரண்டு சங்கதிகள் உண்டு. ஒன்று, ட்ரை ரன், அதாவது தண்ணீரில்லாமல் ஓடுவது. போரில் தண்ணீர் இறங்கிவிட்டால் மோட்டாருக்குச் சுமை குறைகிறது, கரண்டும் குறைகிறது. கரண்ட் கூடினால் மட்டும் விழித்துக்கொள்ளும் ரிலே நிம்மதியாகத் தூங்கும். இரண்டு, ஒரு ஃபேஸ் போவது. முழுச் சுமையில் ஓடும் மோட்டாரில் ஒரு ஃபேஸ் போனால் மற்ற இரண்டில் சுமார் 1.73 மடங்கு ஏறும், அது ட்ரிப் ஆகும். சுமை குறைவாக இருந்தால் ஏறியும் டயல் அளவைத் தொடாமல் போகலாம், உள்ளே வைண்டிங் சூடாகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் ப்ரிவென்டரும் ட்ரை ரன் பாதுகாப்பும் தனியாக வேண்டும். இப்போது இரண்டும் சேர்ந்த எலக்ட்ரானிக் யூனிட்டே வருகிறது. மோட்டாரைத் தூக்கி இறக்கும் கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை. ஆட்டோ சுவிட்ச் வைத்திருந்தால் அதில் தாமத டைமர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் வந்ததும் அந்த டிரான்ஸ்ஃபார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் 310 என்ன, அதற்கும் கீழே விழும். பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி ஆளுக்கொரு நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது.

சரி, இப்போது ஸ்டார்-டெல்டாவுக்கு வருவோம். மோட்டாரின் மூன்று சுருளையும் முதலில் ஸ்டாராக இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 58 சதவீத வோல்டேஜே கிடைக்கும். லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகிறது. முறுக்கு விசையும் அதே மூன்றில் ஒரு பங்கு. சில நொடி கழித்து டைமர் டெல்டாவுக்கு மாற்றும். மேலே நிற்கும் மோனோபிளாக், கம்ப்ரஸர் போன்றவற்றுக்கு அருமையான ஏற்பாடு. சப்மெர்சிபிளில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை, காரணம் சொல்கிறேன். அதன் ரோட்டார் ஒல்லி, எடை குறைவு. ஸ்டாரை விட்டு டெல்டாவைப் பிடிக்கும் இடைவெளியில், மேலே தண்ணீர்த் தூண் அழுத்திக்கொண்டிருக்க, வேகம் மளமளவென்று விழுந்துவிடும். டெல்டா பிடிக்கும்போது கிட்டத்தட்ட புதிதாக ஸ்டார்ட் செய்வது போலவே ஒரு இழுப்பு. குறைத்த கரண்டில் பெரும்பகுதி அங்கே திரும்பி வந்துவிடுகிறது. அதற்கும் முன்னால், போரிலிருந்து வெளியே வரும் வயர்களை எண்ணுங்கள். ஆறு இருந்தால்தான் ஸ்டார்-டெல்டா என்ற பேச்சே. மூன்றுதான் என்றால் மோட்டாரை உள்ளேயே கட்டி முடித்து இறக்கியிருக்கிறார்கள். அந்தப் பெட்டி உங்களுக்குப் பயன்படாது.

இதில் ரிலே வைக்கும் கணக்கு பலருக்குத் தவறிவிடுகிறது. பெரும்பாலான ஸ்டார்-டெல்டா பெட்டிகளில் ரிலே லைனில் இருக்காது, சுருளோடு தொடராக இருக்கும். அங்கே ஓடுவது லைன் கரண்டில் 58 சதவீதம். 13 ஆம்பியர் மோட்டாருக்கு டயலில் 7.5 வைக்க வேண்டும். நேம் பிளேட்டைப் பார்த்து 13 வைத்துவிட்டால் லைனில் 22 ஆம்பியர் வரை ரிலே கண்டுகொள்ளாது. பாதுகாப்பு இருக்கிற மாதிரியே தெரியும், இருக்காது.

சாஃப்ட் ஸ்டார்டர் உள்ளே தைரிஸ்டர்கள் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சுகள். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடும். ஸ்டார்டிங் கரண்ட் பொதுவாக மூன்று, நான்கு மடங்கில் நிற்கும். இடையில் விட்டுப் பிடிக்கும் இடைவெளி இல்லாததால் சப்மெர்சிபிளுக்கு ஸ்டார்-டெல்டாவைவிட இது பொருத்தம். மூன்று வயர் மோட்டாருக்கும் போடலாம். நிறுத்தும்போதும் மெதுவாக இறக்கும் என்பதால் குழாயில் தண்ணீர் மோதும் அந்தத் 'தொம்' சத்தம் குறையும், நான்-ரிட்டர்ன் வால்வு பிழைக்கும். ஆனால் வோல்டேஜ் பாதியானால் முறுக்கு விசை கால் பங்காகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. ஏற்கெனவே 350 வோல்ட் வரும் இடத்தில் ரொம்ப மென்மையாக, 10 நொடி ஏற்றமாக வைத்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்குமே தவிரக் கிளம்பாது. இரண்டு, மூன்று நொடியில் முழு வோல்டேஜுக்கு வந்துவிட வேண்டும்; தண்ணீர் உயவில் ஓடும் அடித் தாங்கிக்கும் அதுதான் நல்லது. இதன் தகுதி எண்ணில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை மடங்கு கரண்டை, எத்தனை நொடி, மணிக்கு எத்தனை தடவை தாங்கும்? மோட்டார் வேகம் பிடித்ததும் தைரிஸ்டரைத் தாண்டிக் கரண்டை நேராக விடும் பைபாஸ் காண்டாக்டர் உள்ளேயே இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஓடும் நேரம் முழுவதும் தைரிஸ்டர் சூடாகிக்கொண்டிருக்கும், பெட்டிக்கு ஃபேன் வேண்டும்.

வி.எஃப்.டி. (வேரியபிள் ஃப்ரீக்வென்சி டிரைவ்) வேறு சாதி. இது வரும் கரண்டை முதலில் டி.சி.யாக்கி, உள்ளே பெரிய கேபாசிட்டர்களில் தேக்கி, ஐ.ஜி.பி.டி. சுவிட்சுகளால் வேண்டிய ஹெர்ட்ஸில் புதிய மூன்று ஃபேஸைச் செய்து தருகிறது. வேகத்தை மாற்ற முடிவது இதில் மட்டும்தான். மேலே சொன்ன மூன்றும் ஸ்டார்ட் செய்து கொடுப்பதோடு சரி. கரண்டும் நேம் பிளேட் அளவைத் தாண்டாமலே கிளம்ப வைக்கலாம். 415 வோல்ட் உள்ளே டி.சி.யாகும்போது ஏறக்குறைய 585 வோல்ட். மெயினை அணைத்த பிறகும் அது கேபாசிட்டரில் நிற்கும். மூடியில் எத்தனை நிமிடம் எழுதியிருக்கிறதோ அத்தனை நிமிடம் காத்திருக்காமல் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.

வேகத்தைக் குறைத்தால் கரண்ட் செலவு பாதியாகும் என்று உங்களிடம் சொன்னார்களே, அதைப் பார்ப்போம். 40 ஹெர்ட்ஸில், அதாவது 80 சதவீத வேகத்தில், பம்பு எடுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக் கணக்கில் 51 சதவீதமாகும் என்பது உண்மையான விதி. அதே விதியின் இன்னொரு வரியைத்தான் யாரும் சொல்வதில்லை: தூக்கும் உயரம் வேகத்தின் இருமடிக் கணக்கில் குறையும். அதிகபட்சம் 300 அடி தள்ளக்கூடிய பம்பு 40 ஹெர்ட்ஸில் 192 அடிதான் தள்ளும். உங்கள் நீர்மட்டம் 200 அடியில் இருக்கிறதென்றால் மோட்டார் சுற்றும், மேலே ஒரு சொட்டு வராது. தண்ணீர் ஓடாததால் குளிர்ச்சியும் இல்லை. கரண்ட் மிச்சம் பிடிக்கப் போய் மோட்டாரை வேக வைத்தவர்கள் இருக்கிறார்கள். ஆழத்திலிருந்து தூக்கும் போருக்கு அந்தப் பாதிக் கணக்கு பொருந்தாது. சொட்டுநீருக்குப் பகுதி பகுதியாக வால்வு மாற்றும்போது அழுத்தத்தை ஒரே சீராக வைக்க, குடியிருப்பில் ஒரே பிரஷரில் தண்ணீர் கொடுக்க, சோலாரில் ஓட்ட என்றால் வி.எஃப்.டி.க்கு ஈடு கிடையாது.

அதன் ரேட்டிங்கையும் ஆம்பியரில் பாருங்கள். ஒரே பெட்டியில் 5.5 / 7.5 கிலோவாட் என்று இரண்டு எண் இருக்கும். முதலாவது, ஒரு நிமிடத்துக்கு 150 சதவீதம் தாங்கும் கனரக வேலைக்கு. இரண்டாவது, 110 அல்லது 120 சதவீதமே தாங்கும் பம்பு, ஃபேன் வேலைக்கு. 7.5 எச்.பி. என்றால் 5.5 கிலோவாட். அந்த அளவுக்கு வரும் டிரைவ்கள் பலவற்றில் கனரகக் கணக்கில் 13 ஆம்பியர்தான் இருக்கும். உங்கள் மோட்டாரும் 13, விளிம்பில் நிற்கிறது. சப்மெர்சிபிள் அதே எச்.பி. மேல் மோட்டாரைவிட அதிக ஆம்பியர் எடுப்பதால் இந்த இடிப்பு அடிக்கடி வரும். இதெல்லாம் 40 டிகிரி வரைக்குமான கணக்கு. ஏப்ரலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மோட்டார் ரூம் 45-ஐத் தாண்டும். டிகிரிக்கு ஒரு சதவீதமாவது கழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே ஒரு அளவு மேலே போக வேண்டும். பெட்டியின் பாதுகாப்பு அளவு ஐ.பி. 20 என்றிருந்தால் அது தூசியையும் பல்லியையும் தாங்காது, தனிப் பெட்டி வேண்டும். 120 மீட்டருக்கு மேல் கேபிள் இறங்குகிறது என்பதும் கணக்கில் உண்டு; டிரைவ் தரும் கூர்மையான துடிப்பு கேபிள் முனையில் எதிரொலித்து இரண்டு மடங்கு வோல்டேஜ் வரை எழும்பும். நம் ஊர் சப்மெர்சிபிளில் பாலி சுற்றிய வயர்தான் வைண்டிங். அதைக் காப்பாற்ற வெளியீட்டில் ஃபில்டர் போட வேண்டும், அந்த விலையையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் ஸ்டார்டரிலிருந்து மோட்டார் பக்கம் ஒரு கேபாசிட்டர் தொங்குகிறது, படத்தில் தெரிகிறது. டி.ஓ.எல்.-ல் அது இருக்கலாம், நல்லதும்கூட. சாஃப்ட் ஸ்டார்டரோ வி.எஃப்.டி.யோ மாட்டும் நாளில் அதை முதலில் கழற்றுங்கள். வெளியீட்டுப் பக்கம் கேபாசிட்டர் இருந்தால் தைரிஸ்டரோ ஐ.ஜி.பி.டி.யோ முதல் ஸ்டார்ட்டிலேயே போய்விடலாம். புது டிரைவ் அன்றைக்கே புகைந்தது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பழைய கேபாசிட்டர் வயர் அப்படியே டெர்மினலில் முறுக்கியிருந்தது.

உங்களுக்கு நான் என்ன செய்வேன் என்றால்: ஒரு டாங் டெஸ்டர் (கிளாம்ப் மீட்டர்) இரவல் வாங்குங்கள். மாலையில், எல்லோரும் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து, ஸ்டார்ட் செய்யும் அந்த நொடியில் வோல்டேஜ் எதுவரை விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 340-க்கு மேலே நின்றால் வேறு யோசனையே வேண்டாம். ஏசி-3-ல் 18 ஆம்பியருக்குக் குறையாத காண்டாக்டர், அகல எல்லைக் காயில், கிளாஸ் 10 ரிலே உள்ள நல்ல டி.ஓ.எல். வாங்கி, டயலை 13-ல் வைத்து, ப்ரிவென்டரும் ட்ரை ரன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே விழுந்தால், பைபாஸ் உள்ள சாஃப்ட் ஸ்டார்டர். சோலாரோ சொட்டுநீரோ வரப்போகிறது என்றால் மட்டும் வி.எஃப்.டி.க்குப் போங்கள்.

மாட்டி முடித்ததும் மூன்று ஃபேஸிலும் ஓடும் ஆம்பியரை எடுத்து, வோல்டேஜையும் தேதியையும் சேர்த்து, பெட்டி மூடியின் உள்பக்கம் பெயின்ட் பேனாவால் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளந்து பக்கத்திலேயே எழுதுங்கள்.